பிரம்பு போன பிறகு: பதின்ம வயது மாணவரும் நடத்தை இலக்குகளும்

தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் மாணவரை அடிக்க இடம் தந்திருந்த 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், பிள்ளையின் உடலை வருத்துவதையும் மனத்தை நோகடிப்பதையும் நாடு முழுவதும் தடை செய்தது. இடையில் 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொல்லியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பழகிய கருவியைச் சட்டம் ஆசிரியரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. வாங்கியது நியாயம். அதற்குப் பதில் என்ன செய்வது என்று, ஒன்பதாம் வகுப்பில் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

விளைவு நமக்குத் தெரியும். சிலர் இன்னும் மறைவாக அடிக்கிறார்கள். சிலர் வாயால் அடிக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைத் தோழர்கள் முன்னால் நிறுத்தி, வீட்டு நிலைமையைச் சொல்லித் திட்டுவது பிரம்படியைவிடக் கொடியது. பலர் ‘நமக்கெதற்கு வம்பு’ என்று ஒதுங்கிவிட்டார்கள். ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’, ‘டி.சி. கிழிச்சிடுவேன்’ என்ற இரண்டு வாக்கியங்களுக்குள் பல பள்ளிகளின் நடத்தைக் கொள்கை முடிந்துவிடுகிறது.

இவற்றுக்கு வெளியே ஒரு வழி உண்டு. மாணவரோடு சேர்ந்து நடத்தைக்கு ஓர் இலக்கு வகுப்பது. அதை எட்டும்போது ஊக்கமாக ஏதேனும் தருவது. அறுபது ஆண்டுகளாக உலகின் பல பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வெற்றியும் தோல்வியும் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையிடம் என்ன பரிசு கொடுக்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. இலக்கை வகுத்தபோது அந்தப் பிள்ளை உடன் இருந்தாளா, அவள் சொல் எடுபட்டதா என்பதே முதல் கேள்வி.

பரிசும் பதிவேடும் வைத்துப் பிள்ளைகளை நடத்தும் முறையின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். முன்னே படித்த பிள்ளை பின்னே வருகிற பிள்ளைக்குச் சொல்லித் தரும் ஏற்பாட்டையும் வைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியாக அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. தவறுகளைக் குறித்துவைக்க அவரிடம் ஒரு கறுப்புப் புத்தகம் இருந்தது. வாரம் ஒருமுறை அதைத் திறந்து, மாணவர்களே நடுவர்களாக இருந்து தீர்ப்புச் சொன்னார்கள். ஆசிரியர் வராத பீரியடில் கிளாஸ் லீடர் கரும்பலகையில் ‘பேசுபவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கறுப்புப் புத்தகம் நினைவுக்கு வரும்.

இதே போன்ற முறையை லண்டனில் பெரிய அளவில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர், நன்றாக நடந்துகொண்ட பிள்ளைகளுக்குச் சீட்டு, பதக்கம், பந்து, பட்டம் என்று அள்ளிக் கொடுத்தார். தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையை மாட்டினார். கூடையில் உட்காரவைத்து மேலே தொங்கவிட்டார். பரிசும் அவமானமும் ஒரே கையிலிருந்து வந்தன. அவர் முறையைப் பின்பற்றிய நியூயார்க் பள்ளிகள் சில பத்தாண்டுகளில் பரிசுச் சீட்டுகளை நிறுத்திவிட்டன. பிள்ளைகளிடம் கூலிக்கு வேலை செய்யும் மனப்பான்மையும் போட்டிச் சண்டையும் வளர்கின்றன என்பது அங்கிருந்த நிர்வாகிகளின் முறையீடு. இன்றைய வாதங்களில் பாதி அப்போதே பேசப்பட்டுவிட்டன.

அறிவியலின் மொழியில் இந்த முறை மீண்டும் வந்தது 1960களில். பரிசு கிடைக்கும் செயல் மீண்டும் மீண்டும் வரும் என்ற உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் கொள்கையைப் பின்பற்றி, டியோடோரோ அய்லன், நேத்தன் அஸ்ரின் என்ற இருவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார்கள். விரும்பத்தக்க ஒவ்வொரு செயலுக்கும் ஒரு டோக்கன்; சேர்த்த டோக்கனைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து அது வகுப்பறைக்குள் நுழைய நெடுநாள் ஆகவில்லை. 1969இல் கான்சாஸில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு அணிகளாகப் பிரித்து, அனுமதி இல்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அணியின் பெயரில் ஒரு கோடு போட்டார்கள். கோடு குறைந்த அணிக்குச் சின்னச் சின்னச் சலுகைகள். வகுப்பு அமைதியானது. அந்த ஆய்வறிக்கையிலேயே ஒரு சிறு குறிப்பு உண்டு: ஓர் அணியில் இரண்டு பிள்ளைகள் ‘நாங்கள் இந்த ஆட்டத்துக்கு வரவில்லை’ என்று அறிவித்துவிட்டு வேண்டுமென்றே கோடு வாங்கினார்கள். ஒன்பது, பத்து வயதில் இரண்டு பேர் அப்படிச் சொன்னார்கள் என்றால், பதினைந்து வயதில் எத்தனை பேர் சொல்வார்கள்? பெரிய பிள்ளைகளுக்கு இந்த முறையைக் கொண்டுபோக நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய வரி அது.

பரிசு கெடுதல் செய்யும் என்று உரக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 1973இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் உடன் இருந்தவர்களும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று சொல்லி வரையச் செய்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் சுமார் பாதி நேரமே வரைந்தார்கள். எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரையனும் இந்த வழியிலேயே தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்கள் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பொருள் பரிசு தன்னார்வத்தைக் குறைக்கிறது என்ற முடிவுக்கே வந்தார்கள். கனடாவின் ஜூடி கேமரூன் போன்றவர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். அந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது.

சண்டையின் இரைச்சலில் ஒரு விவரம் தொலைந்துபோகிறது. ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பரிசு கொடுத்தால்தான் இந்தக் கெடுதல் தெரிகிறது. யாருக்கும் பிடிக்காத சலிப்பான வேலைக்குக் கொடுத்தால் அப்படித் தெரிவதில்லை. எதிர்பாராமல் கிடைக்கும் பரிசும் ஆர்வத்தைக் கெடுப்பதில்லை. ஆகவே நன்றாகக் கவிதை எழுதும் மாணவிக்குக் கவிதைக்குக் கவிதை பேனா கொடுப்பது தவறு. தினமும் எட்டே முக்காலுக்கு வர முடியாமல் தவிக்கும் மாணவனுக்கு ஆரம்பத்தில் சிறு ஊக்கம் கொடுப்பது அந்தத் தவறில் சேராது. பரிசு வேண்டும், வேண்டாம் என்று கட்சி கட்டுவதைவிட எதற்கு, எப்போது என்று கேட்பது ஆசிரியருக்கு உதவும்.

பணமே கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. பொருளியலாளர் ரோலண்டு ஃப்ரையர் 2007 முதல் அமெரிக்க நகரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இதைச் சோதித்தார். சிகாகோவில் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஏ கிரேடு வாங்கினால் 50 டாலர், பி வாங்கினால் 35. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம். இரண்டு இடத்திலும் கல்வித் தேர்ச்சியில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. இன்னும் அதிகம் சம்பாதிக்க என்ன செய்வாய் என்று மாணவர்களைக் கேட்டபோது, தேர்வு எழுதும் தந்திரங்களைத்தான் சொன்னார்கள். புரியாத பாடத்தை ஆசிரியரிடம் கேட்பேன் என்று சொல்லத் தெரியவில்லை. பணத்தின் மேல் ஆசை இருந்தது, போகும் வழி தெரியவில்லை. வாஷிங்டனில் வருகை, வகுப்பில் நடத்தை என்று மாணவர் கைக்கு எட்டும் செயல்களுக்குப் பணம் கொடுத்தபோது பலன் சற்று மேலாக இருந்தது. நம் நாட்டில் மும்பை, புனே பள்ளிகளில் சரோஜினி ஹிர்ஷ்லைஃபர் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது: தேர்வு முடிவுக்குப் பரிசு கொடுப்பதைவிட, ஒவ்வொரு பாடத்தையும் முடிக்கும் முயற்சிக்குக் கொடுத்தால் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள். ‘அரையாண்டில் எழுபது வாங்கினால் சைக்கிள்’ என்று வாக்குக் கொடுக்கும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பரிசு தள்ளிப்போனால் அதன் வலுவும் போய்விடுகிறது. சிகாகோ பகுதிப் பள்ளிகளில் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்டும் நடத்திய சோதனைகளில், தேர்வு முடிந்தவுடன் கைக்கு வந்த பரிசு வேலை செய்தது. அதே பரிசு ஒரு மாதம் கழித்து என்றதும் பலன் மறைந்தது. ஆண்டு விழா மேடையில் மார்ச் மாதம் கொடுக்கும் ‘சிறந்த ஒழுக்கம்’ கேடயம் ஜூன் மாதத்துக் குழப்பத்தை ஏன் தீர்ப்பதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

அந்தக் கேடயம் போன்ற விருதுகளைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள 15,329 மாணவர்களிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், ‘ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை’ என்று விருது வாங்கிய பிள்ளைகள் அடுத்த மாதம், அதேபோல் ஒழுங்காக வந்தும் விருது பெறாதவர்களைவிட அதிகம் விடுப்பு எடுத்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு மேல் செய்துவிட்டோம் என்றோ, தோழர்கள் யாரும் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை என்றோ அந்த விருது அவர்களுக்குச் சொல்லிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். குஜராத்தில் நகரக் குடிசைப் பகுதிப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளுக்கு வருகைக்காகப் பென்சிலும் ரப்பரும் கொடுத்துவிட்டு நிறுத்தியபோது, முன்பே அதிகம் வராத பிள்ளைகள் இன்னும் பின்தங்கினார்கள். யாருக்காகப் பரிசு வைத்தோமோ அவர்களுக்கே கேடு.

பதின்ம வயது என்பதால் கணக்கு மேலும் மாறுகிறது. இந்த வயதில் மூளை பரிசுக்கு அதிகமாகத் துள்ளுகிறது. அடக்கிக்கொள்ளும் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகள், நல்லது கிடைக்கும்போது பெரியவர்களைப் போலவே கற்றுக்கொண்டார்கள். இழப்பிலிருந்து கற்றுக்கொள்வதில் பின்தங்கினார்கள். தண்டனையைக் கூட்டிக்கொண்டே போனாலும் சிலர் மாறவில்லையே என்று சலித்துக்கொள்ளும் ஆசிரியருக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் காட்டியது அதற்கும் மேல்: காரோட்டும் கணினி விளையாட்டில், தனியாக இருக்கும்போது நிதானமாக ஆடிய பதின்ம வயதினர் தோழர்கள் பார்க்கும்போது துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை.

ஆகவே அசெம்பிளியில் பெயரைக் கூப்பிட்டுக் கைதட்ட வைப்பது ஐந்தாம் வகுப்பில் மகிழ்ச்சி. பத்தாம் வகுப்பில் பலருக்குத் தண்டனை. ‘சார் செல்லம்’ என்று இடைவேளையில் கேலி காத்திருக்கும். இந்த வயதுப் பிள்ளை மரியாதைக்குப் பசித்திருக்கிறது என்று உளவியலாளர் டேவிட் யேகர் சொல்வதை நம் ஆசிரியர்கள் தினமும் பார்க்கிறார்கள். போகிற போக்கில் மேசையருகே நின்று தணிந்த குரலில் ‘இன்னிக்கு நீ பண்ணினதைக் கவனிச்சேன்டா’ என்று சொல்வது கேடயத்தைவிட வெகுதூரம் போகும்.

இனி இலக்குக்கு வருகிறேன். என் கவலை இங்கேதான் அதிகம். நம் பள்ளிகளில் பரிசாவது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது, இலக்கு என்ற ஒன்று இல்லவே இல்லை. ‘ஒழுங்கா இரு’, ‘பொறுப்பா நடந்துக்க’, ‘இனிமே ஒழுங்கா இருக்கேன் சார்னு எழுதிக் கொடு’ இவை எதுவும் இலக்கு ஆகாது. எட்வின் லாக்கும் கேரி லாத்தமும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னது, திட்டவட்டமான, சற்றே கடினமான இலக்கு ‘முடிந்ததைச் செய்’ என்ற புத்திமதியைவிட மேலான உழைப்பை வாங்கும் என்பது. பீட்டர் கோல்விட்ஸர் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது. ஏஞ்சலா டக்வொர்த்தும் உடன் இருந்தவர்களும் 2011இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தம் விருப்பம் என்ன, குறுக்கே நிற்கப்போவது எது, அது வந்தால் என்ன செய்வது என்று எழுதிய பிள்ளைகள், கோடை விடுமுறையில் மற்றவர்களைவிட 60 சதவீதம் அதிகமான பயிற்சி வினாக்களைப் போட்டு முடித்தார்கள்.

யார் இலக்கு வகுப்பது என்ற கேள்விக்குப் பழைய விடை ஒன்று உண்டு. 1969இல் லாவிட், கர்ட்டிஸ் என்ற இருவர் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவனிடம், எத்தனை கணக்குக்கு எத்தனை நிமிட ஓய்வு என்பதை ஆசிரியர் தீர்மானித்த நாட்களையும் அவனே தீர்மானித்த நாட்களையும் ஒப்பிட்டார்கள். அவனே தீர்மானித்த நாட்களில் அதிகம் வேலை செய்தான். 1971இல் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வரலாற்று வகுப்பில் தான் கவனித்துக்கொண்டிருக்கிறேனா இல்லையா என்று ஒரு தாளில் தானே குறித்துக்கொண்டபோது அவள் கவனம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அதே ஆய்வில் வகுப்பில் குறுக்கே பேசும் மாணவனிடம் இதே முறை நிலைத்துப் பலன் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தானே எண்ணுவது நல்ல தொடக்கம்; சிலருக்கு அது மட்டும் போதாது.

நம் வகுப்பறையில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கு பீரியடில் மட்டும் கலாட்டா செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை அவனை வெளியே நிற்கச் சொல்கிறார். அவன் நிற்கிறான், மறுநாளும் அதே கதை. வெளியே அனுப்புவது தண்டனை என்று ஆசிரியை நினைக்கிறார். கணக்கிலிருந்து தப்பிக்க நினைக்கும் பிள்ளைக்கு அதுவே பரிசு. ஒரு நடத்தையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, எதிலிருந்து தப்பிக்கிறது என்று பார்க்காமல் வகுத்த எந்த இலக்கும் நிற்காது. வகுப்பாசிரியர் அவனை மதிய இடைவேளையில் தனியாகக் கூப்பிடுகிறார்.

“கணக்கு பீரியட்ல என்னப்பா ஆகுது?”

“ஒண்ணுமில்ல சார்.”

“திட்டறதுக்குக் கூப்பிடல. எந்த இடத்துல ஆரம்பிக்குது, அதை மட்டும் சொல்லு.”

“மிஸ் ஒரு கணக்கு போட்டுட்டு, அடுத்ததை நீங்க போடுங்கன்னு சொல்வாங்கல்ல சார்... அப்ப. எனக்கு முதல் ஸ்டெப்பே தெரியாது.”

இந்த ஒரு பதிலுக்காகப் பத்து நிமிடம் செலவழிக்கலாம். இதிலிருந்து வரும் இலக்கு ‘கலாட்டா செய்ய மாட்டேன்’ என்று இருக்கக் கூடாது. செய்யாமல் இருப்பதை எண்ணிப் பார்க்க முடியாது, செய்வதை எண்ணலாம். ‘முதல் ஸ்டெப் தெரியவில்லை என்றால், அந்த வரியை நோட்டில் வட்டம் போட்டுவிட்டுக் கையைத் தூக்குவேன்.’ அவன் வாயால் வந்ததை அவன் கையால் எழுத வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஆசிரியையும் ஒரு வரி எழுத வேண்டும்: கை தூக்கினால் சில நிமிடங்களுக்குள் வந்து பார்ப்பேன். பெரியவர் எதற்கும் கட்டுப்படாத ஒப்பந்தத்தை இந்த வயதுப் பிள்ளை மோசடியாகத்தான் பார்க்கும். அவன் பார்ப்பதும் சரி.

அடுத்தது அளவு. முதல் வாரம் எதையும் மாற்றாமல் எண்ண வேண்டும். ஐந்து கணக்கு பீரியடில் நான்கில் வெளியே போகிறான் என்றால், முதல் இலக்கு இரண்டில் உள்ளே இருப்பது. ஐந்துக்கு ஐந்து என்று தொடங்கினால் செவ்வாய்க்கிழமையே தோற்றுப்போவான். தோற்ற பிறகு வெள்ளிக்கிழமை வரை அவனைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் நடக்கும் காலை–மாலைச் சந்திப்பு முறை இதற்கு நல்ல முன்மாதிரி. மாணவர் காலையில் ஒரு பெரியவரைப் பார்த்து ஓர் அட்டையை வாங்குகிறார். ஒவ்வொரு பீரியட் முடிவிலும் ஆசிரியர் அதில் 0, 1, 2 என்று குறிக்கிறார். மாலையில் அதே பெரியவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மொத்தப் புள்ளியில் 80 சதவீதம் பொதுவான இலக்கு. இந்த முறையின் உயிர் அட்டையில் இல்லை. ஒரு பெரியவர் நாள்தோறும் தன் வரவுக்காகக் காத்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. வீட்டில் அந்த அட்டையைப் பார்த்து அடிக்கும் அப்பா இருந்தால் அட்டை வீட்டுக்குப் போகக் கூடாது. இதைப் பள்ளி முன்பே விசாரித்திருக்க வேண்டும்.

பரிசு என்று எதைக் கொடுப்பது? காசு தேவையில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நண்பன் பக்கத்தில் உட்கார அனுமதி, ஹைடெக் லேபில் கூடுதல் நேரம், நூலகத்துக்குப் புதிதாக வந்த புத்தகத்தை முதலில் எடுக்கும் உரிமை, அறிவியல் ஆய்வகத்தில் ஆசிரியருக்கு உதவி, விளையாட்டுச் சாமான்களின் சாவி. ‘எது வேண்டும்?’ என்று பிள்ளையையே பட்டியல் எழுதச் சொன்னால் பெரும்பாலும் நாம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது வீட்டுக்கு ஒரு நல்ல போன். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கும் அம்மாவிடம், ‘இந்த வாரம் உங்க பையன் நல்லா முயற்சி பண்ணினான்மா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்’ என்று ஆசிரியர் சொன்னால் அந்த வீட்டில் அன்று மாலை வேறாக இருக்கும்.

சிலவற்றைப் பரிசாக வைக்கவே கூடாது. பி.டி. பீரியட் எல்லாப் பிள்ளைக்கும் உரியது. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ‘நன்றாக நடந்தால் தருவேன்’ என்பது அநியாயம். உணவு, கழிப்பறைக்குப் போகும் அனுமதி, அகமதிப்பீட்டு மதிப்பெண் இவையும் அப்படியே. கிடைத்த புள்ளியைப் பிறகு செய்த தவறுக்காகத் திரும்பப் பிடுங்குவதும் வேண்டாம். உழைத்துப் பெற்றதைப் பறித்தால் ஆட்டத்தைவிட்டே போய்விடுவார்கள். இலக்கு பிடிபட்ட பிறகு பரிசின் இடைவெளியைக் கூட்டி, பிள்ளையிடம் சொல்லிவிட்டே நிறுத்த வேண்டும். புண் ஆறிய பிறகும் கட்டை அவிழ்க்காவிட்டால் தோல் வெளுத்துப்போவது போலத்தான் இதுவும். சட்டென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் குஜராத் பிள்ளைகள் காட்டிவிட்டார்கள்.

குழுவுக்குப் பரிசு கொடுக்கும் முறை இப்போது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கிறது. 2024 நவம்பரில் தொடங்கிய மகிழ் முற்றம் திட்டத்தில் மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து குழுக்களாகப் பிரிகிறார்கள். எந்தத் தெரு, எந்த ஊர் என்று பாராமல் பிள்ளைகளைக் கலந்து ஒரே கொடியின் கீழ் நிறுத்துவது நல்ல ஏற்பாடு. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்துப் பள்ளிகளில் சாதியைப் பற்றி விசாரிக்க வேண்டிய நிலையில் நாம் இருந்தோம். கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறம் அணியைத் தீர்மானிக்கும் இடத்தில் பள்ளி தரும் அணி தேவைதான். குழுப் புள்ளிக்கு ஓர் ஆபத்து உண்டு என்பதை மறக்க வேண்டாம். ‘உன்னாலதான் நம்ம டீம் தோத்துச்சு’ என்ற பேச்சு, ஏற்கெனவே ஓரத்தில் இருக்கும் பிள்ளையை இன்னும் ஓரத்துக்குத் தள்ளும். நல்லதற்குப் புள்ளி கூட்டலாம். ஒருவர் தவறுக்காகக் குழுவின் புள்ளியைக் குறைக்கக் கூடாது.

இலக்கும் பரிசும் தொட முடியாத இடங்களும் உண்டு. வளரிளம் பருவத்தில் உடலின் தூக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இதற்காகவே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டுத் தூங்கும் பிள்ளைக்கு ‘விழித்திருத்தல்’ என்று இலக்கு எழுதுவது கொடுமை. சாப்பிடாமல் வரும் பிள்ளைக்கு முதலில் சாப்பாடு. எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளைக்கு முதலில் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை. வீட்டில் வன்முறை இருந்தால் 1098, பள்ளித் தொல்லைக்கு 14417. இவற்றைச் செய்யாமல் அட்டை கொடுத்தால் குற்றம் பிள்ளை மேல் விழுந்துவிடும்.

ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டு ‘எங்களுக்கு நேரம் எங்கே?’ என்று கேட்பார்கள். கேட்பது நியாயம் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்து, 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு அது. பள்ளிச் சூழலை மேம்படுத்தும் ஒரே திட்டத்தை ஒரு பகுதிப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் நடத்தினார். இன்னொரு பகுதியில் பணியிலிருக்கும் ஆசிரியரே கூடுதல் பொறுப்பாக நடத்தினார். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சீண்டலும் வன்முறையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர் தலையில் கட்டிய பள்ளிகளில் பலன் தெரியவில்லை. அந்த ஆலோசகர்கள் பெரிய பட்டம் பெற்ற உளவியலாளர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண இளைஞர்கள். பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே ஓர் ஆள் பள்ளியில் இருந்தார், அவ்வளவே.

ஆகவே கோரிக்கையைப் பள்ளிக் கல்வித் துறையிடம்தான் முதலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் இப்படிப் பயிற்சி பெற்ற ஒருவரை முழுநேரமாக நியமியுங்கள். அதுவரை வகுப்பாசிரியரின் வாராந்திரக் கால அட்டவணையில் ஒரு பீரியடைப் பாடத்துக்கு இல்லாமல் மாணவரோடு தனித்தனியே பேசுவதற்கென ஒதுக்குங்கள். அதில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். ஆசிரியர்களிடம் கேட்பது சிறியது. வகுப்பு முழுவதற்கும் திட்டம் போட வேண்டாம். உங்களை அதிகம் சோதிக்கும் ஒரே ஒரு பிள்ளையை இந்த வாரம் தனியாக அழைத்து, எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள்.